கென்யா: 2007இல் பற்றிய தீ 2022இல் ஏன் பற்றவில்லை?

கேள்வி: கொங்குநாடன்

அனைவருக்கும் வணக்கம். கென்யாவின் முன்னாள் பிரதமர் ரெய்லா ஒடிங்கா, ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்திருந்த இடத்தில், கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் 2025 அக்டோபர் 15 அன்று காலமானார். அந்தச் செய்தியைப் படித்த பிறகே அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பற்றி முறையாகத் தேடிப் படித்தேன். குடியரசுத் தலைவர் பதவிக்கு ஐந்து முறை போட்டியிட்டு, ஐந்து முறையும் தோற்றவராக அறிவிக்கப்பட்டவர் அவர். அவற்றுள் இரண்டு தேர்தல்களின் கணக்கை அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது.

2007 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் மவாய் கிபாக்கி 45,84,721 வாக்குகளும் ஒடிங்கா 43,52,993 வாக்குகளும் பெற்றதாக அறிவித்தார்கள். வித்தியாசம் சுமார் 2,31,700. 2022 ஆகஸ்டில் வில்லியம் ரூட்டோவுக்கு 71,76,141, ஒடிங்காவுக்கு 69,42,930 என்று அறிவித்தார்கள். வித்தியாசம் சுமார் 2,33,200. தோற்றவர் ஒரே மனிதர், வித்தியாசமும் ஏறத்தாழ ஒன்றே, இரண்டு முறையும் அவர் முடிவை ஏற்க மறுத்தார். ஆனால் முதல் முறை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டாம் முறை ஓரிரு இரவுகள் சாலைகளில் டயர்கள் எரிந்ததோடு எல்லாம் அடங்கிவிட்டது.

பதினைந்தே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் எதிர்வினை இவ்வளவு மாறியதற்குக் காரணம் என்ன? சட்டம் மாறியதா, மக்கள் மாறினார்களா, அல்லது அச்சம்தான் கூடியதா? அந்நாட்டு நிலவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வழக்காடி

நண்பருக்கு வணக்கம். தேர்தல் வழக்குகள் என் தொழில் சார்ந்த ஆர்வம் என்பதால் கென்யாவின் தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் பார்வையில் மாற்றத்துக்கு முதன்மையான காரணம், தோற்றவர் போய் நிற்பதற்கு 2022இல் ஓர் இடம் இருந்தது, 2007இல் இல்லை என்பதே.

2007இன் நிலையை நினைத்துப் பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய மாதங்களிலேயே, எதிர்க்கட்சிகளைக் கலந்து ஆணையர்களை நியமிப்பது என்று 1997இல் எட்டப்பட்டிருந்த உடன்பாட்டைக் கைவிட்டு, கிபாக்கி தாமே தேர்தல் ஆணையர்களை நியமித்திருந்தார். வாக்கு எண்ணிக்கையின் தொடக்கத்தில் ஒடிங்கா பெரும் முன்னிலையில் இருந்தார். அது மெல்ல மெல்லக் கரைந்தது. அதே நாளில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஒடிங்காவின் கட்சி 99 இடங்களையும் கிபாக்கியின் கூட்டணி 43 இடங்களையும் பெற்றிருந்தன. அமைச்சர்கள் பலர் தோற்றிருந்தார்கள். இந்த நிலையில் டிசம்பர் 30 மாலை கிபாக்கி வென்றதாக அறிவித்து, ஒரு மணி நேரத்துக்குள் இருட்டும் வேளையில் அரசு மாளிகையில் அவருக்குப் பதவிப் பிரமாணமும் செய்து வைத்தார்கள். தொலைக்காட்சி, வானொலி நேரலைகளுக்கும் அன்றே தடை விதிக்கப்பட்டது. கிபாக்கி உண்மையில் வென்றாரா என்பது தமக்குத் தெரியாது என்று தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டுவே சில நாட்களில் கூறினார் என்றால், தெருவில் நின்ற மனிதன் எதை நம்புவான்? நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். நீதிபதிகள் கிபாக்கியின் ஆட்கள் என்று ஒடிங்கா மறுத்தார். போயிருந்தாலும், அப்போதைய நடைமுறையில் தேர்தல் மனுவின் தீர்ப்பு வருவதற்குள் பதவிக்காலமே முடிந்திருக்கக்கூடும்.

பின்னர் தென்னாப்பிரிக்காவின் ஓய்வு பெற்ற நீதிபதி யோஹான் கிரீக்லர் தலைமையிலான குழு ஆராய்ந்து, எண்ணிக்கை முழுவதும் அவ்வளவு சீர்கெட்டிருந்ததால் யார் வென்றார் என்பதையே நிறுவ முடியாது என்று முடித்தது. அந்தக் குழுவின் பரிந்துரைப்படி பழைய ஆணையம் கலைக்கப்பட்டது. 2010இன் புதிய அரசியலமைப்பு மூன்று பெரிய காரியங்களைச் செய்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்கு நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கே செல்லும். முடிவு அறிவிக்கப்பட்ட 7 நாட்களுக்குள் மனு, அடுத்த 14 நாட்களுக்குள் தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை பதவியேற்பு இல்லை. இந்த மூன்றாவது விதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அந்திப் பதவியேற்பு என்ற தந்திரத்துக்கு அது கதவைச் சாத்திவிட்டது.

இதனோடு 34ஏ என்ற படிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணிக்கை முடிந்ததும் தலைமை அலுவலர் அதை நிரப்ப, முகவர்கள் கையொப்பமிட, ஒரு நகல் சாவடியின் கதவில் ஒட்டப்படும். படம் பிடித்த நகல் தலைநகருக்கு அனுப்பப்படும். தொகுதி அளவில் அறிவிக்கப்பட்ட எண்ணைத் தலைநகரில் யாரும் மாற்றக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜூனில் தீர்ப்பளித்தது. 2017 தேர்தலில் இந்தப் படிவங்கள் வந்து சேர்ந்த முறை குளறுபடியாக இருந்ததும், கணினி வழங்கியைத் திறந்து காட்டும்படி நீதிமன்றம் இட்ட ஆணையை ஆணையம் முழுமையாக நிறைவேற்றாததும், தலைமை நீதிபதி டேவிட் மராகாவின் அமர்வு 4க்கு 2 என்ற பெரும்பான்மையில் 2017 செப்டம்பர் 1 அன்று, குடியரசுத் தலைவர் உஹுரு கென்யாட்டா மீண்டும் வென்றதாக அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலையே ரத்து செய்யக் காரணங்களாயின. பதவியில் இருந்த ஒருவரின் வெற்றியை ஆப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது அதுவே முதல் முறை.

அந்தத் தீர்ப்பிலிருந்து ஆணையம் பாடம் கற்றுக்கொண்டு, 2022இல் 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் படிவங்களையும் பொதுத் தளத்தில் ஏற்றியது. எவரும் இறக்கிக் கூட்டிப் பார்க்கலாம். நம் நாட்டில் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தின் நகலை முகவருக்குத் தருவதோடு சரி. பொதுத் தளத்தில் ஏற்றுவதில்லை என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். ஒடிங்கா ஆகஸ்ட் 22 அன்று மனு தாக்கல் செய்தார். தலைமை நீதிபதி மார்த்தா கூமேயின் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு செப்டம்பர் 5 அன்று ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. தீர்ப்போடு தாம் உடன்படவில்லை என்றாலும் அதை மதிப்பதாக ஒடிங்கா கூறினார். அத்துடன் முடிந்தது.

மறுமொழி: வைகைக்கரை

வழக்காடி ஐயா எழுதியவற்றில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் சட்டத்தைப் படிப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் சட்டமே காரணமாகத் தெரிவது இயல்பு. நான் வரலாறு கற்பித்தவன். எனக்கு நிலம் கண்ணில் படுகிறது.

2007இல் மக்கள் எங்கே செத்தார்கள் என்று பாருங்கள். மிகக் கொடிய வன்முறை நடந்தது ரிஃப்ட் பள்ளத்தாக்கில். எல்டோரெட் அருகே கியாம்பா என்ற இடத்தில், அஞ்சி ஓடித் தேவாலயத்துக்குள் புகுந்த, கிபாக்கியின் இனத்தவரான கிகுயு மக்களை 2008 ஜனவரி 1 அன்று உள்ளே வைத்தே எரித்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் பலர். ஜனவரி இறுதியில் நகுருவிலும் நைவாஷாவிலும் கிகுயு கும்பல்கள் ஒடிங்காவின் இனத்தவரான லுவோ மக்களையும், கலெஞ்சின் மக்களையும் தேடித் தேடிக் கொன்றன. இவை வாக்கு எண்ணிக்கையின் மீது மட்டும் எழுந்த கோபமாக இருக்க முடியாது. வெள்ளையர் பறித்துப் பண்ணைகளாக்கிய நிலம் விடுதலைக்குப் பின் கணிசமாகக் கிகுயு குடியேறிகளின் கைக்குப் போனதும், அதைத் தம் மூதாதையர் நிலமாகக் கருதிய கலெஞ்சின் மக்கள் பொருமி வந்ததும் பல பத்தாண்டுக் கதை. 1992 தேர்தலையும் 1997 தேர்தலையும் ஒட்டி அங்கே இதே போன்ற கொலைகள் நடந்தன. அவற்றில் முடிவு குறித்த தகராறு முதன்மைக் காரணமே அல்ல. 2007இல் கலெஞ்சின் மக்கள் ஒடிங்காவுக்கும் கிகுயு மக்கள் கிபாக்கிக்கும் வாக்களித்தார்கள். தேர்தல் முடிவு, உலர்ந்து கிடந்த வைக்கோலில் விழுந்த பொறி.

இப்போது 2013க்கு வாருங்கள். கிகுயுத் தலைவர் உஹுரு கென்யாட்டாவும் கலெஞ்சின் தலைவர் ரூட்டோவும் 2007இல் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள். அந்த வன்முறைக்காகவே இருவர் மீதும் தி ஹேக்கில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. அந்த வழக்கே அவர்களைக் கைகோக்க வைத்தது என்று சொன்னால் மிகையாகாது. இருவரும் ஒரே சீட்டில் நின்று வென்றார்கள். பின்னர் வழக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அன்று முதல் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் இரண்டு பெரிய இனங்களும் 2022 வரை ஒரே அணியில் வாக்களித்தன. 2022இல் கென்யாட்டா ஒடிங்காவை ஆதரித்தபோதும் கிகுயுப் பகுதிகள் ரூட்டோவின் பக்கமே நின்றன. ஆகவே தீப்பற்றக்கூடிய நிலத்தில் மோதிக்கொள்ள ஆட்களே இல்லை. 34ஏ படிவம் பொதுத் தளத்தில் இல்லாமல் இருந்திருந்தாலும் 2022இல் கியாம்பா நடந்திருக்காது என்பது என் துணிபு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2007-08 வன்முறை என்றதும் அண்டை வீட்டார் கத்தியோடு மோதிக்கொண்ட காட்சியே எல்லோருக்கும் நினைவில் வருகிறது. அதை விசாரித்த வாக்கி ஆணையம் பதிவு செய்த 1,133 மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் துப்பாக்கிக் குண்டால் நேர்ந்தவை. குண்டு யாரிடம் இருந்தது? லுவோ மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிசுமு நகரில் காவல்துறை சுட்டதில் இறந்தவர்களைப் ‘பொதுமக்களின் எதிர்வினை’ என்ற கணக்கில் எப்படிச் சேர்ப்பது? 2017 ஆகஸ்டிலும் கிசுமுவிலும் நைரோபியின் குடிசைப் பகுதிகளிலும் காவல்துறை வீடு புகுந்து அடித்தது. தடியடியில் ஆறு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. நீதிமன்றம் அதற்குச் சில வாரங்களில் தேர்தலையே ரத்து செய்தது. அப்படியானால் தெருவில் இறங்கியவர்களின் ஐயத்துக்கு அடிப்படை இருந்தது என்றுதானே பொருள்? ஆனால் அடிபட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எதைத் திருப்பித் தந்தது?

ரத்துக்குப் பின் நடந்ததையும் வழக்காடி ஐயா நாசூக்காகக் கடந்துவிட்டார். தீர்ப்பளித்த நீதிபதிகளைப் பதவியில் இருந்த தலைவரே பொதுமேடையில் போக்கிரிகள் என்றார். மறுதேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு துணைத் தலைமை நீதிபதியின் ஓட்டுநர் சுடப்பட்டார். மறுநாள், தேர்தலைத் தள்ளி வைக்கக் கோரிய மனுவைக் கேட்கப் போதிய நீதிபதிகள் வரவில்லை. வந்தவர்கள் இருவர் மட்டுமே. ஒடிங்கா புறக்கணித்த அந்தத் தேர்தலில் கென்யாட்டா 98 சதவீதம் பெற்றார். அவ்வளவு பெருமைப்படத்தக்க நீதிமன்றம் அக்டோபர் 25 அன்று கூடக்கூட முடியவில்லை.

மறுமொழி: கொங்குநாடன்

இருவருக்கும் நன்றி. வைகைக்கரை ஐயாவின் வாதப்படி 2017இல் ரிஃப்ட் பள்ளத்தாக்கு அமைதியாக இருந்ததற்கு இனக் கூட்டணி காரணம் என்பது விளங்குகிறது. ஆனால் லுவோ மக்கள் 2007, 2013, 2017, 2022 என நான்கு முறையும் தோற்ற பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களுடைய எதிர்வினையும் 2017ஐவிட 2022இல் தணிந்திருந்ததே, அதை எப்படி விளக்குவது? அங்கே வாழ்ந்தவர் எவரேனும் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏடும்கணக்கும்

நான் கணக்காளர். பணி நிமித்தமாகப் பல ஆண்டுகள் நைரோபியில் வாழ்ந்தேன். 2017, 2022 ஆகிய இரண்டு தேர்தல்களின் போதும் அங்கே இருந்தேன். கண்டதை எழுதுகிறேன், இதை வைத்து முழு நாட்டையும் அளக்க வேண்டாம்.

தேர்தல் நெருங்கினால் நைரோபி பாதி காலியாகும். வாக்குப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால் போகிறவர்களும் உண்டு. நகரில் தம் இனத்தார் சிறுபான்மையாக இருக்கும் பகுதியில் தங்க அஞ்சிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. மக்காச்சோள மாவும் எண்ணெயும் வாங்கிச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே எல்லா வகுப்பினரின் பழக்கம். இந்திய வம்சாவளியினர் இதில் இன்னும் முன்னெச்சரிக்கையானவர்கள். 2008 ஜனவரியில் கிசுமுவில் அவர்களுடைய கடைகள் பல சூறையாடப்பட்டதை மூத்த வணிகர்கள் ஒவ்வொரு தேர்தலின் போதும் சொல்வார்கள். நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவில் தண்டவாளத்தைப் பெயர்த்து எறிந்த கதையும் கூடவே வரும். அந்த இருப்புப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் என்பதால் அவர்களுக்கு அதில் ஒரு தனி வருத்தம்.

2017இல் முடிவு அறிவித்த இரவு, குடிசைப் பகுதிகளின் திசையிலிருந்து குண்டுச் சத்தம் கேட்டது. ஆனால் தொலைக்காட்சிகள் அமைதியைப் பற்றிய பாட்டுகளையும் பிரார்த்தனைகளையும் ஒளிபரப்பிக்கொண்டிருந்தன. அமைதி வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? என்னோடு பணியாற்றிய லுவோ நண்பர்களுக்கோ அந்த அமைதிப் பரப்புரை, ‘கேள்வி கேட்காதே’ என்ற கட்டளையாகவே பட்டது. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பு, ஆணையத்தின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கிறிஸ் ம்சாண்டோ கொலையுண்டு கிடந்தார். கணினியில் வருகிற எண்ணை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

2022இல் நான் கண்ட வேறுபாடு இதுதான்: சந்தேகம் குறையவில்லை, சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு வேலை இருந்தது. அலுவலகத்தில் இளைஞர்கள் தங்கள் ஊர்ச் சாவடியின் படிவத்தைத் தளத்திலிருந்து இறக்கி, கதவில் ஒட்டியிருந்ததை உறவினர் எடுத்தனுப்பிய கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊடகங்கள் தனித்தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் கூட்டலில் ரூட்டோ முந்தினால் இன்னொன்றில் ஒடிங்கா முந்துவார். எல்லோருக்கும் தலை சுற்றியது என்பது உண்மை. ஆனால் அந்தச் சில நாட்களில் நாடே கூட்டல் போட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 15 அன்று தேசிய எண்ணிக்கை மையமான பொமாஸ் அரங்கில் ஆணையத் தலைவர் வஃபுலா செபுகாட்டி முடிவை அறிவிக்கும் முன் மேடையிலேயே கைகலப்பு. ஏழு ஆணையர்களில் நால்வர் வெளியேறி, வேறோர் இடத்தில் முடிவை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். 2007இல் இப்படி ஆணையமே பிளந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணினேன். மறுநாள் அந்த நால்வரும் சொன்ன காரணம்தான் என் தொழிலுக்கு உரிய வேடிக்கை. நான்கு வேட்பாளர்களின் சதவீதங்களையும் கூட்டினால் 100.01 வருகிறதாம், அந்த 0.01 சதவீதம் 1,42,000 வாக்குகளுக்குச் சமமாம். பதிவான செல்லத்தக்க வாக்குகளே ஏறத்தாழ 1 கோடியே 42 லட்சம், அதில் 0.01 சதவீதம் 1,420 வாக்குகள். அதுவும் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கியதால் வந்த துணுக்கு. சில மணி நேரத்தில் இணையம் முழுவதும் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஒடிங்காவுக்கு வாக்களித்த என் நண்பர் ஒருவரே, இவர்களை நம்பித் தெருவுக்குப் போகச் சொல்கிறார்களா என்று சலித்துக்கொண்டார்.

கொங்குநாடன் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். லுவோ மக்கள் 2022இல் தணிந்திருந்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, இம்முறை ஆட்சியில் இருந்த கென்யாட்டா ஒடிங்காவின் பக்கம். அரசு இயந்திரம் நம்மைத் தோற்கடித்தது என்று 2017இல் சொன்னதை அதே வேகத்தில் 2022இல் சொல்ல முடியவில்லை. கிசுமுவில் காவல்துறையும் முன்பு போல் பாயவில்லை. இரண்டாவது, களைப்பு. 2018 ஜனவரியில் ஒடிங்கா உஹுரு பூங்காவில் தம்மை மக்களின் தலைவராகப் பதவியேற்பித்துக்கொண்டபோது அங்கே திரண்டவர்கள், மார்ச் 9 அன்று அவர் கென்யாட்டாவோடு கைகுலுக்கியதைச் செய்தியில்தான் பார்த்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் அந்தக் கைகுலுக்கல் எப்படி இறங்கியிருக்கும்? 2013இல் 85 சதவீதத்துக்கு மேல் இருந்த வாக்குப் பதிவு 2022இல் 65 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. விலகிப் போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்றே அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர்களின் கோபம் எங்கே போயிற்று என்பதை 2024 ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்து நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது நாடு கண்டது. அந்தக் கூட்டத்தில் எந்தத் தலைவரின் பெயரும் எந்த இனத்தின் பெயரும் ஒலிக்கவில்லை.

மறுமொழி: வழக்காடி

வைகைக்கரை ஐயாவின் கண்டனத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன்: ரிஃப்ட் பள்ளத்தாக்கின் அமைதிக்கு எந்தப் படிவமும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஏடும்கணக்கும் எழுதியதைப் பாருங்கள். ஆணையம் இரண்டாகப் பிளந்த அன்று எண்கள் பொதுவில் இல்லாதிருந்தால், நால்வர் சொல்வது உண்மையா மூவர் சொல்வது உண்மையா என்பதை எந்தக் குடிமகனும் சோதித்திருக்க முடியாது. இனக் கூட்டணி எதுவானாலும் கிசுமுவும் கிபேராவும் எரிந்திருக்கும். நீதிமன்றமும் வழங்கியை ஆய்வு செய்ய வைத்து, தளத்தில் இருந்த படிவங்களை மூலப் படிவங்களோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னது. 2017 அக்டோபரில் அதே நீதிமன்றம் கூட முடியாமல் போனதை நான் மறைக்க நினைக்கவில்லை. அச்சுறுத்தப்பட்ட நீதிமன்றம் அடுத்த தேர்தலில் மீண்டும் எழுந்து நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கவலைப்பட வேண்டியது வேறோர் இடத்தில் இருக்கிறது. செபுகாட்டியும் எஞ்சியிருந்த ஆணையர்களும் 2023 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து சென்ற பிறகு, புதிய ஆணையர்கள் 2025 ஜூலையில்தான் பொறுப்பேற்றார்கள். அதுவரை அந்த நாட்டில் தேர்தல் ஆணையம் என்ற அலுவலகம் இருந்தது, ஆணையர்கள் இல்லை. காலியான தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடத்த முடியவில்லை. அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்டில். அதே படிவத் தளம் அப்போதும் திறந்திருக்குமா என்பதைப் புதிய ஆணையமே முடிவு செய்ய வேண்டும்.